அறிக்கையில் இல்லாத அடுப்படி

சேவை இல்லங்களைப் பற்றிய எழுத்துகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன். ஆசிரமம், குருகுலம், விடுதி, முகாம் என்று பெயர் எதுவானாலும், இளைஞர்கள் சிலர் ஒரே கூரையின் கீழ் தங்கி ஊருக்கு உழைத்த கதை என்றால் அந்த எழுத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. விடியற்காலை எழுந்தார்கள், பிரார்த்தனை செய்தார்கள், ஊருக்குள் போனார்கள், மாலையில் திரும்பினார்கள், எளிய உணவு உண்டார்கள். அந்த ‘எளிய உணவு’ வரும் இடத்தில் நான் நின்றுவிடுவேன். உணவு எளியதுதான். அதை ஆக்கியவர் யார்? அடுப்பில் வைத்தவர், பாத்திரம் துலக்கியவர், தண்ணீர் பிடித்துவைத்தவர் யார்? பெரும்பாலான பக்கங்களில் இதற்கு எழுவாயே இருக்காது. உணவு தயாரானது, உணவு பரிமாறப்பட்டது. செயப்பாட்டு வினை இவ்வளவு உபயோகமாக இருக்கும் இடம் தமிழில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

இந்தச் சந்தேகம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. திருவேங்கடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை நடத்திய திட்ட அலுவலராக நான் எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீசுக்கு வேன் ஏறும் பெண்கள், சீமைக்கருவேலம் அடைத்த கண்மாய் என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் பத்து ஊருக்காவது பொருந்தும்.

ஐம்பது பேர். இருபத்தேழு பையன்கள், இருபத்துமூன்று பெண்பிள்ளைகள். பையன்களுக்குப் பள்ளிக்கூடத்து வராந்தா. பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஊரில் பூட்டிக்கிடந்த ஒரு காரை வீட்டைத் திறந்து கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் திருப்பூருக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு பட்டாசாலை, இரண்டு அறை, ஒரே ஒரு கழிப்பறை, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட். பின்பக்கம் பெரிய முற்றம், அதில் ஓர் அடிகுழாய். தண்ணீரும் இடமும் அங்கே இருந்ததால் சமையலையும் அங்கேயே வைத்தோம். இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. ஆனால் அந்த ஏழு நாளின் தலைவிதி அதிலேயே எழுதப்பட்டுவிட்டது. பெண்கள் தூங்கும் இடமும் அடுப்பு எரியும் இடமும் ஒன்றாகிவிட்டன. அதிகாலையில் எழுந்து கண் கசக்குகிறவளுக்கு எதிரிலேயே அடுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து பையன் நடந்து வர வேண்டும். நடந்து வருகிறவன் விருந்தாளி மாதிரித்தான் வருவான்.

சமையலுக்குப் பேசியிருந்த மாஸ்டர் முதல்நாள் இரவோடு போய்விட்டார், வேறு கல்யாண ஆர்டராம். நான் கவலைப்படவில்லை. ஐந்து அணியாகப் பிரித்து, அணிகளுக்குச் சங்கப் புலவர்களின் பெயர் வைத்து, முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆணும் பெண்ணும் கலந்த அணிகள்தான். பெண்ணியம் பாடம் எடுக்கிறவள் இல்லையா! கபிலர் அணியின் முறை வந்தபோது பையன்கள் வந்தார்கள், வெங்காயம் உரித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஒன்பது மணிக்குக் கண்மாய் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். கிளம்ப வேண்டும் என்பதும் என் அட்டவணைதான். கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டுவதற்கு ஆண்கள் வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். வெட்டிய விறகு மத்தியானம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. அதை எரித்துத்தான் சோறு பொங்கினோம். மரத்தை வெட்டியது அறிக்கையில் ‘நீர்நிலைப் பாதுகாப்புப் பணி’ என்று ஒரு தனித்தலைப்பில் இருக்கிறது, பரப்பளவோடு. அதே மரத்தை ஊதி ஊதி எரித்து ஒரு வேளைக்கு ஆறு கிலோ அரிசி வடித்தது எந்தத் தலைப்பிலும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு முகாம் டைரி எழுதும்போது ஒருத்தி கேட்டாள்: “மேடம், சமைச்சது சேவையில வருமா?”

சிரித்தோம். அவளும் சிரித்தாள். டைரியில் ‘செய்த பணி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் என்ன எழுதுவது? காலை யோகா, மாலை விழிப்புணர்வுப் பேரணி என்று எழுதிவிடலாம். இடையில் எட்டு மணி நேரம்? நான், “கூட்டுப் பணின்னு போட்டுக்கோம்மா” என்றேன். அவ்வளவுதான் என் பதில். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்டது. ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது அதன் வாசகம். அதில் ‘நான்’ விட்டுக்கொடுக்க வேண்டியவர் என்று பையன்களிடம் சொன்னால் அது புதிய செய்தி. இருபது வயதுப் பெண்பிள்ளையிடம் சொன்னால்? பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டுவருகிற வாசகம் அது.

தமிழில் சேவைக்கு உள்ள சொற்களே இந்தக் குழப்பத்தைச் சொல்லும். தொண்டு என்பதற்கு அடிமை, அடிமைத்தன்மை என்றும் அகராதிப் பொருள் உண்டு. ஊழியம் இன்னும் மோசம். இன்று தெற்கே கிறிஸ்தவ வீடுகளில் ‘ஊழியத்துக்குப் போயிருக்கிறார்’ என்றால் இறைப்பணி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அதே ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் கூலி இல்லாமல் வாங்கிய கட்டாய வேலை. ஒரு சொல் கட்டாயத்திலிருந்து பக்திக்கு இப்படி நழுவிப்போகும்போது, நடுவில் யாருடைய கையோ தேய்ந்திருக்கும். தன்னார்வலர் என்கிற புதுச்சொல் இதிலிருந்து தப்பித்துவிட்டதாகத் தோன்றும், ‘தன் ஆர்வம்’ என்று அதிலேயே இருப்பதால். ஆனால் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். டி.எட்., பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். ஆர்வம் இருந்தது உண்மைதான். வேலை இருந்திருந்தால் ஆர்வத்தின் விலை ஆயிரம் ரூபாயாக இருந்திருக்குமா என்பதும் கேட்க வேண்டியதே.

பெரிய புராணத்தின் இன்னொரு பெயர் திருத்தொண்டர் புராணம். அதில் இளையான்குடி மாறநாயனார் கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த முகாம் நினைவுக்கு வருகிறது. வறுமை வந்துவிட்டது, மழை பெய்யும் நள்ளிரவு, சிவன் அடியாராக வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த நெல் வயலில் இருக்கிறதே, அதை வாரிக்கொண்டு வந்தால் ஆக்கலாம் என்ற யோசனையைச் சொல்வது மனைவி. மாறனார் இருட்டில் போய் வாரி வருகிறார். விறகு இல்லை என்றதும் கூரைக் கம்பை அறுத்துப்போடுகிறார். கறிக்கு முளைக்கீரையைப் பறித்து வருகிறார். ஈரநெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கி, சோறாக்கி, அந்த ஒரே கீரையைப் பலவிதக் கறியாகச் சமைத்தது மனைவி. யோசனையும் அவளுடையது, நெருப்பும் அவளுடையது. சேக்கிழார் இதையெல்லாம் மறைக்கவில்லை. ஒவ்வொரு வேலையையும் விவரமாகச் சொல்கிறார், அந்த வகையில் நம் முகாம் அறிக்கைகளைவிட எவ்வளவோ நேர்மையானவர். ஆனால் அறுபத்துமூவர் வரிசையில் நிற்பது மாறனார் மட்டும். சிவலோகம் போகும்போது அவளும் உடன் போகிறாள், மனைவியாக.

சரி, பெண்களை அடுப்படியிலிருந்து விடுவித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? அந்த ஏழு நாளுக்கு முன்பு நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். கவிதைகள்கூட எழுதியிருக்கிறேன். அவற்றை இப்போது படிக்கச் சங்கடமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை, எங்களுக்கு அண்டாவும் இட்லிக் கொப்பரையும் இரவல் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு ஆச்சி முற்றத்துக்கு வந்தார். நல்ல மனுஷி. முதல்நாள் மோர் கொண்டுவந்து கொடுத்தவர். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒவ்வொருத்தியாக விசாரித்தார். “ஏளா, நீ எந்த ஊரு?” ஊர் சொன்னார்கள். “அங்க எந்தத் தெரு?” அதையும் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் தெருவைச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்றாள். அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் ஆச்சி வந்து, “டீச்சரம்மா, தப்பா நினைச்சுக்கிடாதிய. வீட்ல ஒரு விசேசம் வந்துட்டு. அண்டா வேணும்” என்றார். கழுவிக் கொடுத்தோம். வாங்கிய அண்டாவை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்ததைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். திருவேங்கடத்துக்கு ஆள் அனுப்பி வாடகைப் பாத்திரம் எடுத்தேன். பிறகு அந்தப் பெண்ணைச் சமையல் முறையிலிருந்து எடுத்து, வீடுவீடாகப் போகும் கணக்கெடுப்புக் குழுவில் போட்டேன். “நீ நல்லாப் பேசுவ, உன்னைய அடுப்படியில போட்டு வீணாக்கக் கூடாது” என்றேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. ஒரு பெண்ணைச் சமையலறையிலிருந்து மீட்டுவிட்டேன் அல்லவா?

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “நான் சமைச்சா சாப்பிட மாட்டாங்கன்னுதான மேடம்?”

இந்தக் கேள்விக்கு முன்னால் என் பெண்ணியம் வாயடைத்துப்போனது. மற்ற இருபத்திரண்டு பேருக்கு அடுப்படி தலையில் கட்டப்பட்ட சுமை. இவளுக்கு அது மறுக்கப்பட்ட இடம். ‘சமையலறையை விட்டு வெளியே வா’ என்று நாம் எழுதிய எல்லா வரிகளும், சமையலறைக்குள் அனுமதிக்கப்பட்டவளை மனத்தில் வைத்து எழுதியவை. ஆக்குவதும் பரிமாறுவதும் சாதி அதிகாரத்தின் வேலையும்தான் என்பதை, அந்த அதிகாரத்துக்கு வெளியே நிற்கிறவள் சொல்லித்தான் நான் கேட்க வேண்டியிருந்தது. 1992இல் நான்கு தலித்துகள் கொல்லப்பட்ட குறிஞ்சாக்குளம் அந்த முகாம் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. அந்த வரலாறு தெரிந்தே போனவள் நான். தெரிந்தும், அண்டா திரும்பிப் போனபோது பாத்திரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்கிற நிர்வாகியாகத்தான் நடந்துகொண்டேன்.

எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பெரிய முன்கதை இருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம். தேசத்துக்கு உழைக்கும் இளைஞர்களை உருவாக்குவதற்கான கூட்டு வாழ்க்கை. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் ஐந்தாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்பினார்கள். 1925இல் அது மாகாணத்தையே உலுக்கிய விவாதமாயிற்று. பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் செய்த ஏற்பாடு அது என்பது ஐயர் தரப்பு. ஒரு பந்தியில் உப்புமா, இன்னொரு பந்தியில் பழையது என்று மேடைகளில் சொல்லச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். பிறப்பால் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று காங்கிரஸ் கமிட்டியில் தீர்மானம் வந்தது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் மகளோடு இறந்தும் போனார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

என் மாணவர்களுக்கு ஐயர் ‘குளத்தங்கரை அரசமர’த்தின் ஆசிரியர். புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் துயரத்தை ஒரு மரத்தின் வாயால் சொன்னவர். சிறுகதையின் தொடக்கம் பற்றிய இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவர் போதும். குருகுலம் பாடத்திட்டத்தில் இல்லை. நான் வருடாவருடம் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த விவாதத்தின் நியாயத்தில் எனக்கு ஐயமே இல்லை. தனிப்பந்தியை எதிர்த்தவர்கள் சரி. என் குறை வேறு. இன்றுவரை குருகுலத்தைப் பற்றி எழுதுகிற இரு தரப்பாரும் பந்தியில் வந்து நின்றுவிடுகிறார்கள். யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யார் எந்தப் பானையில் தண்ணீர் குடித்தார்கள். பந்திக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் யாரும் போவதில்லை. சமபந்தி போஜனம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, கோயில்களில் அரசே அதை நடத்துகிறது. ‘சம அடுப்பு’ என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம் மனத்தைத் தயார்படுத்திக்கொண்டால் போதும். இன்னொருத்தர் கையால் சமைத்ததைத் தினமும் உடம்புக்குள் விடுவதற்கு அது போதாது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் பலர் சாப்பிட மறுத்த செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல காரியம். அதற்கு முந்தைய ஆண்டு சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில், தலித் சிறுவர்களுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரரின் காணொளியை நாடே பார்த்தது. குருகுலத்துக்கு நூறு வருடம் ஆகிறது.

பெண்களே நடத்திய இல்லங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் அங்கும் எளிதான பதில் கிடைப்பதில்லை. சகோதரி சுப்பலட்சுமி குழந்தை விதவை. 1911இல் பட்டம் பெற்று, நான்கு விதவைச் சிறுமிகளை வைத்துத் தொடங்கிய இல்லம், கடற்கரை ஐஸ் ஹவுஸ் வரை வளர்ந்தது. அங்கிருந்து படித்து வெளியே வந்த பெண்கள் மாகாணமெங்கும் ஆசிரியைகளானார்கள். மோனிகா ஃபெல்டன் 1966இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் என்னை இழுத்தவர் சுப்பலட்சுமியைவிட அவருடைய சித்தி வாலாம்பாள்தான். அவரும் விதவை. சமையலும் சாமானும் பிள்ளைகளின் காய்ச்சலும் அவர் பொறுப்பு. சித்தி இல்லாமல் சகோதரி இல்லை. ஆனால் அந்த அடுப்படி பிராமண ஆசாரப்படி நடந்த அடுப்படி. இல்லமும் பிராமண விதவைகளுக்கானது. ஆசாரம் கெடாது என்ற உறுதி இருந்ததால்தான் குடும்பங்கள் பெண்களை அனுப்பின. அவர்கள் பள்ளிக்கூடம் போன பாதைக்கு அடுப்படியின் சாதிதான் அஸ்திவாரம். இதைச் சொன்னால் சுப்பலட்சுமியைக் குறைத்துச் சொல்வதாகச் சில தோழிகள் கோபப்படுகிறார்கள். அவர் செய்தது பெரிய காரியம், அதன் விலையையும் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம் என்கிறேன்.

கடல் கடந்தும் இதே கதைதான், சாதிக்குப் பதில் வர்க்கம். 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் குடியேறிகள் பகுதியில் ‘ஹல் ஹவுஸ்’ தொடங்கியபோது அந்த வீட்டுக்குள் முதலில் போனவர்கள் இரண்டு பேரல்ல, மூன்று பேர். மூன்றாமவர் வீட்டு வேலைக்கு வந்த மேரி கீசர். படித்த பெண்கள் சமையற்கட்டை விட்டு வெளியே வந்து ஏழைகளோடு வாழ்ந்த புரட்சிக்கு, சமையற்கட்டில் ஒருத்தி இருந்தாள். ஆடம்ஸ் அவரைத் தன் நூலில் பெயர் சொல்லி நன்றியோடு குறிப்பிடுகிறார். நான் என் அறிக்கையில் அதைக்கூடச் செய்யவில்லை.

என்னால் முடிவுக்கு வர முடியாத பக்கம் ஒன்று உண்டு. காந்தி தன் சுயசரிதையில் எழுதிய டர்பன் வீடு. 1898 வாக்கில், அவருடைய குமாஸ்தாக்கள் சிலர் அந்த வீட்டிலேயே குடும்பத்தில் ஒருவராகத் தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர் வசதி இல்லை, மூத்திரச் சட்டிகள்தான். புதிதாக வந்த ஒருவர் பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவர் சட்டியை எடுப்பது கஸ்தூர்பாவால் முடியவில்லை, காந்தி எடுப்பதும் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே கையில் சட்டியோடு படியிறங்கி வருகிறார். அழாமல், சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்கிறார் காந்தி. சண்டை முற்றி, கையைப் பிடித்து இழுத்து வெளிக்கதவு வரை கொண்டுபோய்விடுகிறார். வெட்கம் கொள்ளச் சொல்லி கஸ்தூர்பா கேட்ட பிறகு கதவு மூடப்படுகிறது. காந்தி இதைத் தன் பாவமாக எழுதியிருக்கிறார்.

தலித் வாசகர் இந்தப் பக்கத்தில் கஸ்தூர்பாவின் அருவருப்பைப் பார்ப்பார், பார்க்க வேண்டும். பெண்ணிய வாசகர் இழுக்கப்படுகிற கையைப் பார்ப்பார். ஒரு வாசிப்பை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது. அந்த வீட்டுக்குச் சேவை இல்லமாக ஆக ஆசைப்பட்டது ஒருவர்தான். தன்னார்வம் அவருடையது, பாதி வேலை அவளுடையது, அழுவதற்கும் அனுமதி இல்லை. அதே சமயம் அவளுடைய கண்ணீரில் சாதி இருந்தது. நான் கஸ்தூர்பாவாகவும் இருந்திருக்கிறேன், முகாமில் பட்டியல் எழுதி ஒட்டிய வகையில் காந்தியாகவும் இருந்திருக்கிறேன். அந்த குமாஸ்தாவாக இருந்ததில்லை. அவருக்குக் கதையில் பேச்சே கிடையாது. தன் சட்டியை முன்வைத்து ஒரு வீடு இரண்டாவதை அவர் கேட்டிருப்பாரா? கேட்டுவிட்டு மறுநாள் அதே வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பார்?

முகாமில் நல்லதே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அம்மா இல்லாமல் வெளியே தங்கிய முதல் இரவு அது. மொட்டைமாடியில் ஜமுக்காளம் விரித்து நடுராத்திரி வரை பாட்டு. ஒன்பது மணிக்கு ஒவ்வொரு போனாக அடிக்கும், “சாப்ட்டியா, பூட்டிட்டுப் படு” என்று அம்மாக்கள். பதிலுக்குப் பொய் சொல்லிவிட்டுத் திரும்ப மாடிக்கு ஏறுவார்கள். ஒரே கழிப்பறைக்கு வரிசை நிற்பதில் ஆரம்பித்த சிநேகங்கள் இன்றும் இருக்கின்றன. மாதவிலக்கு வந்தவர்கள் உட்கார்ந்த இடத்தை மாற்றச் சொல்ல அங்கே யாருமில்லை. அதை ஒருத்தி ரகசியம் மாதிரி என் காதில் சொன்னாள். சமையலைப் பற்றியே இன்னொருத்தி, “வீட்ல நான் ஒருத்தி கெடந்து சமைப்பேன். இங்க பத்துப் பேரு சேர்ந்து சமைக்கோம், அது நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றாள். என் கோட்பாட்டுக்கு இது ஒத்துவரவில்லை. அதனாலேயே இங்கே எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவள் கணக்கெடுப்புக்குப் போகவில்லை. நான்காம் நாள் காலை யாரையும் கேட்காமல் போய் வாடகை அண்டாவுக்கு முன்னால் நின்று சாம்பாருக்குத் தாளித்தாள். கூட நின்ற பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி விறகைத் தள்ளிக் கொடுத்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இதை என் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் பந்தி போட்டபோது பையன்களில் மூன்று பேருக்கு வயிறு சரியில்லை. ஒருவன் விரதம் என்றான், அன்று வியாழக்கிழமை. நான்கு பேரும் திருவேங்கடம் பேருந்து நிலையப் பக்கம் பரோட்டா சாப்பிட்டதைச் சாயங்காலம் இன்னொரு பையன் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, “சாம்பார் நல்லா இருந்துச்சு மேடம், ராத்திரிக்கு மிச்சம் இருக்கா?” என்று கேட்டான். இருந்தது.

அறிக்கை இருபத்திரண்டு பக்கம். புகைப்படங்கள் தனி. எட்டாம் பக்கத்தில், ‘சாதி மத வேறுபாடின்றி மாணவ மாணவியர் அனைவரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உணவருந்தினர்’ என்று எழுதியிருக்கிறேன். ‘அனைவரும்’ என்பது நாற்பத்தாறு பேர். ‘ஒன்றாகச் சமைத்து’ என்பதற்கு எண்ணிக்கையே சொல்ல வேண்டாம். அந்த ஆண்டு நல்ல அறிக்கை என்று பாராட்டினார்கள். மறு ஆண்டு பொறுப்பேற்ற இளம் பேராசிரியர், மாதிரிக்கு வேண்டும் என்று வந்து கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.